எத்தனை வயது வரை ஆடலாம்? கோனேரு ஹம்பியின் ஆட்ட வாழ்க்கை

கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சதுரங்கப் போட்டிக்கு, நான் வேலை பார்க்கும் அரசுப் பள்ளியிலிருந்து ஐந்து பிள்ளைகளை அழைத்துப் போயிருந்தேன். ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் மேசைக்கு மேசை பெண் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் அவர்கள் நான்கே பேர். அந்தப் பிரிவில் சிறந்த பெண் ஆட்டக்காரர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த கோப்பைகள் மூன்று. எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவி நான்காவது சுற்றில் ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தும் தோற்றாள். நல்ல நகர்வு ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் கடிகாரத்தை அமுக்க மறந்துவிட்டாள். எதிரே இருந்த பையன் பலகையையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். அவளுடைய நேரம் தீர்ந்து போயிற்று.

வெளியே புளியமரத்தடியில், ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்த அவளுடைய அம்மா சாப்பாட்டுப் பையோடு காத்திருந்தார். மகள் தோற்றதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இதை எத்தனை வயசு வரைக்கும் சார் ஆட முடியும்?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்விக்குள் இருந்த இன்னொரு கேள்வி எனக்குப் புரிந்தது. பத்தாம் வகுப்பு வந்தால் நின்றுவிடுமா, கல்யாணம் ஆனால் நின்றுவிடுமா, நின்றுவிடும் என்றால் இவ்வளவு செலவும் அலைச்சலும் எதற்கு என்பதே அது. அன்றைக்கு நான் சொன்ன பதில் அரைகுறையானது. முழுப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் கோனேரு ஹம்பியின் வாழ்க்கையைத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால், இந்தியப் பெண்களில் முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் என்பதைவிட, முப்பது ஆண்டுகளை நெருங்கும் காலம் உலகத் தரத்தில் ஆடிக்கொண்டிருப்பவர் என்பதையே நான் அவருடைய பெரிய சாதனையாகக் கருதுகிறேன்.

ஹம்பி 1987 மார்ச் 31 அன்று ஆந்திரத்தின் குடிவாடாவில் பிறந்தார். அவருடைய தந்தை கோனேரு அசோக் தாமே ஒரு சதுரங்க ஆட்டக்காரர். 'சாம்பியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஒலியிலிருந்து எடுத்து மகளுக்கு அவர் ஹம்பி என்று பெயர் வைத்தார். ரஷ்யப் பெயரின் சாயல் வர வேண்டுமென்று அதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னர் மாற்றவும் செய்தார். பிறந்த குழந்தைக்கு வைக்கும் பெயரில் வீட்டின் ஆசை தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீடுகளில் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாமணி' என்றும் பெயர் வைத்த வழக்கத்தை வருகைப் பதிவேடு புரட்டிய ஆசிரியர் எவரும் அறிவார். பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் தருமபுரிக்கும் வந்தது. அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான் இன்றைய கிருஷ்ணகிரியும் இருந்தது. சேலத்தில் அந்தத் தொட்டில்கள் முதலில் வைக்கப்பட்ட காலத்தில்தான், நம் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில், ஒரு தந்தை தம் சின்னஞ்சிறு மகளின் முன்னால் பலகையை விரித்து வைத்துக் காய்களின் நடையைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒரே காலத்தில் நடந்தவை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

அசோக் வேலையை விட்டுவிட்டு மகளுக்கு முழுநேரப் பயிற்சியாளரானார். பலன் விரைவிலேயே தெரிந்தது. 1997-இல் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமியருக்கான உலகப் பட்டம், 1998-இல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கானது, 2000-இல் பதினான்கு வயதுக்கு உட்பட்டோருக்கானது, 2001-இல் இளையோர் உலகப் பட்டம் என்று வரிசையாக வந்தன. ஆனால் நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது இவற்றுக்கு நடுவே வந்த ஒரு வெற்றியை. 1999-இல் அகமதாபாத்தில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் பிரிவில் ஆடி அவர் முதலிடம் பெற்றார். சிறுமியருக்கெனத் தனிப் பிரிவு இருந்தும் சிறுவர்களோடு ஆடியதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. பெற்றோர் பலருக்கும் அது தெரிவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஒரு தரப்புள்ளி தருகிறது. ரேட்டிங் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். ஏற்கனவே ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டங்கள் ஆடினால்தான் முதல் ரேட்டிங்கே கிடைக்கும். பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அது ஏறும், இறங்கும். எவ்வளவு என்பது எதிராளியின் பலத்தைப் பொறுத்தது. 1500 ரேட்டிங் உள்ள ஒரு சிறுமி, 1700 உள்ள ஒருவரோடு ஆடினால், நூற்றுக்கு இருபத்து நான்கு பங்குதான் அவளிடம் எதிர்பார்க்கப்படுகிறது. வென்றுவிட்டால் அவளுக்கு ஏறத்தாழ முப்பது புள்ளிகள் கூடும். தோற்றால் பத்துக்குள்தான் குறையும். அதே சிறுமி 1300 உள்ளவரோடு ஆடி வென்றால் பத்துப் புள்ளிகூடத் தேறாது. தோற்றாலோ முப்பது போய்விடும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் மற்றவர்களைவிட அதிகம். ஆகவே, தன்னைவிட வலுவானவர்கள் குறைவாக உள்ள ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றிச்சுற்றி ஆடும் பெண், எத்தனை கோப்பை வாங்கினாலும் ரேட்டிங்கில் நத்தை வேகத்தில்தான் ஏறுவாள். வலுவான பையன்கள் நிறைந்த பொதுப் பிரிவில் அடிபட்டு ஆடுகிறவளுக்கே ஏணி கிடைக்கிறது. அசோக் மகளைச் சிறுவர்கள் பிரிவில் இறக்கியதன் நியாயம் இது.

மாவட்டப் போட்டிகளில் தரப்படும் சிறந்த பெண் ஆட்டக்காரர் பரிசை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கோப்பை ஒன்றுதான் பல வீடுகளில் அடுத்த போட்டிக்கு அனுமதி வாங்கித் தருகிறது. ஆனால் பொதுப் பிரிவில் எத்தனையாவது இடம் வந்தாள் என்று கேட்கப் பெற்றோர் பழக வேண்டும்.

பட்டங்களிலும் இதே இரட்டை வழி உண்டு. கிராண்ட்மாஸ்டர் என்பது ஆண், பெண் இருவருக்கும் பொதுவான பட்டம். அதற்கு ரேட்டிங் 2500-ஐத் தொட வேண்டும். அதோடு, 2600 அளவுக்கு இணையான ஆட்டத்தைப் பெரிய போட்டிகளில் காட்டி நார்ம் எனப்படும் தகுதிகளைப் பெற வேண்டும். வழக்கமாக இவை மூன்று. மொத்தம் இருபத்தேழு ஆட்டங்களாவது அவற்றில் அடங்கியிருக்க வேண்டும். மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்பது பெண்களுக்கு மட்டுமான தனிப் பட்டம். அதற்கு ரேட்டிங் 2300 போதும். செய்தித்தாள்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவதால், ஹம்பி எந்த மலையில் ஏறினார் என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் சென்னையைச் சேர்ந்த எஸ். விஜயலட்சுமி, அந்தப் பெருமை அவருக்குரியது. பொதுப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் ஹம்பி. 1978-இல் ஜார்ஜியாவின் நோனா கப்ரின்தாஷ்விலி கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண்ணானார். அன்றிலிருந்து இன்றுவரை அந்தப் பட்டத்தைப் பெற்ற பெண்களின் எண்ணிக்கை நாற்பதைச் சற்றே தாண்டும். ஆண்களில் அது ஆயிரக்கணக்கு.

ஹம்பி அந்தப் பட்டத்தை எட்டியது 2002 மே மாதத்தில், புடாபெஸ்டில். அப்போது அவருக்கு வயது 15 ஆண்டு, 1 மாதம், 27 நாள். உலகிலேயே மிக இளம் வயதில் கிராண்ட்மாஸ்டரான பெண் என்ற ஹங்கேரியின் ஜூடிட் போல்காரின் சாதனையை மூன்று மாத வித்தியாசத்தில் அவர் கடந்தார். 2008-இல் சீனாவின் ஹோவ் யிஃபான் வந்து முறியடிக்கும் வரை அது ஹம்பியின் பெயரிலேயே இருந்தது. 2007 அக்டோபரில் ஹம்பியின் ரேட்டிங் 2606 ஆயிற்று. போல்காருக்கு அடுத்து 2600-ஐத் தாண்டிய இரண்டாவது பெண் அவர். இன்றுவரை அந்தக் கோட்டைத் தாண்டிய பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவருடைய உச்சம் 2009-இல் தொட்ட 2623.

இவ்வளவு உயரத்தில் இருந்தும் பெண்களுக்கான உலகச் சாம்பியன் பட்டம் அவர் கைக்கு வரவில்லை. அந்தப் பட்டத்துக்கான போட்டி அக்காலத்தில் பெரும்பாலும் நாக்-அவுட் முறையில் நடந்தது; ஒரு சுற்றில் இரண்டே ஆட்டம், சமமானால் வேகமான டை-பிரேக், தோற்றவர் அன்றே பெட்டியைக் கட்ட வேண்டும். 2008-இலும் 2010-இலும் அரையிறுதியில் ஹம்பியை நிறுத்தியவர் ஹோவ் யிஃபான். 2011-இல் அல்பேனியாவின் டிரானாவில் இருவரும் பட்டத்துக்காக நேருக்கு நேர் மோதியபோது அந்தக் குலுக்கல் தன்மைகூட இல்லை. பத்து ஆட்டங்களாகத் திட்டமிட்ட அந்த மோதல் எட்டிலேயே முடிந்தது, ஹோவ் 5.5, ஹம்பி 2.5. ஓர் ஆட்டத்தைக்கூட அவரால் வெல்ல முடியவில்லை. ஹம்பிக்கு அப்போது இருபத்து நான்கு வயது, ஹோவுக்குப் பதினேழு. ஒரு விளையாட்டு வீராங்கனையின் கதையை இங்கே முடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அர்ஜுனா விருது 2003-இலும் பத்மஸ்ரீ 2007-இலும் வந்துவிட்டன. ஓ.என்.ஜி.சி. என்ற பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தில் நிலையான வேலையும் இருந்தது. 2014-இல் திருமணம், 2017-இல் மகள் அஹானா. 2016-க்குப் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் போட்டிகளில் இல்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வி இந்த இடத்தில்தான் நிற்கிறது. நம் ஊர்ப் பெண் பிள்ளைகளின் ஆட்டம் இரண்டு இடங்களில் அறுந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். முதலாவது பதின்மூன்று, பதினான்கு வயதில். ரேட்டிங் போட்டி என்றால் பல சமயம் நான்கைந்து நாள் நடக்கும். அதற்குச் சேலமோ பெங்களூரோ சென்னையோ போக வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர், சென்னை 250-ஐத் தாண்டும். பையனென்றால் கோச்சோடும் நண்பர்களோடும் அனுப்பிவிடுகிறார்கள். பெண்ணென்றால் துணைக்கு ஒருவர் போக வேண்டும். மாந்தோப்பிலோ கிரானைட் பட்டறையிலோ நாள்கூலிக்குப் போகும் வீட்டில், அந்த ஒருவரின் நான்கு நாள் கூலி, நுழைவுக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை. ஹம்பிக்கு அந்தத் துணையாகத் தந்தை இருந்தார். சென்னையைச் சேர்ந்த கிராண்ட்மாஸ்டர் வைஷாலிக்கு அவருடைய தாய் நாகலட்சுமி இருந்தார். மகளுக்கும் மகன் பிரக்ஞானந்தாவுக்கும் துணையாக வெளிநாடுகளுக்குக்கூட அரிசிச் சோறு வடிக்கும் குக்கரைத் தூக்கிக்கொண்டு போனவர் அவர். குக்கரைப் படித்துவிட்டுச் சிரித்துக் கடந்துபோகிறவர்களுக்கு, ஒரு கிராண்ட்மாஸ்டர் உருவாவதில் சமையலுக்கும் பயணத்துக்கும் எவ்வளவு பங்கு என்பது தெரியாது.

இரண்டாவது அறுபடும் இடம் திருமணமும் பிள்ளைப்பேறும். குழந்தைத் திருமணத்தைத் தடுத்து நிறுத்திய செய்தி இன்னும் வந்துகொண்டிருக்கும் மாவட்டங்கள் நம்முடையவை என்பதால், இங்கே இரண்டு முடிச்சுகளும் சில சமயம் ஒன்றாகவே விழுந்துவிடுகின்றன. சதுரங்கத்தில் நீண்ட இடைவெளி வேறு சில ஆட்டங்களைவிடக் கொடுமையானது. கணினி வந்த பிறகு ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள் பற்றிய ஆய்வு மாதத்துக்கு மாதம் மாறுகிறது. இரண்டு ஆண்டு விலகியிருந்தவர் திரும்பி வந்தால், தாம் நன்கு அறிந்த பாதையிலேயே எதிராளி புதிய கண்ணி வைத்திருப்பதைப் பார்ப்பார். குழந்தை தூங்கும் நேரத்தில் திருடிப் படித்து இதை ஈடுகட்ட முடியாது. நாளுக்குச் சில மணி நேரம் தடையில்லாமல் வேண்டும். அந்த நேரத்தை ஹம்பியின் பெற்றோர் கொடுத்தார்கள். அவர் போட்டிகளுக்குப் போகும் நாட்களில் பேத்தியைப் பார்த்துக்கொள்வது அவர்கள்தான்.

2018-இல் ஜார்ஜியாவின் பட்டுமி நகரில் நடந்த, நாடுகளின் அணிகள் மோதும் ஒலிம்பியாட் மூலம் அவர் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டே ரஷ்யாவின் ஸ்கோல்கோவோவில் மகளிர் கிராண்ட் பிரீ போட்டியை வென்றார். 2019 டிசம்பரில் மாஸ்கோவில் நடந்த உலக ரேபிட் போட்டிக்குப் போனபோது பட்டம் வெல்வார் என்று யாரும் அவரைச் சுட்டிக்காட்டவில்லை. நிதானமாக யோசித்து ஆடும் கிளாசிக்கல் ஆட்டமே அவருடைய பலம் என்று பெயர். ரேபிட்டில் ஓர் ஆட்டத்துக்கு ஒருவருக்குக் கிடைப்பது பதினைந்து நிமிடமும் நகர்வுக்குப் பத்து விநாடி கூடுதலும்தான். பன்னிரண்டு சுற்றுகளின் முடிவில் ஒன்பது புள்ளிகளோடு அவரும் சீனாவின் லெய் டிங்ஜியும் டை-பிரேக்கில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் ஆட்டத்தை ஹம்பி நேரம் தீர்ந்து இழந்தார். துணிந்து ஆடி இரண்டாவதை வென்றார். மூன்றாவது, ஆர்மகெடன் எனப்படும் முடிவாட்டம். அதில் வெள்ளைக் காய்க்காரருக்கு நேரம் கூடுதலாக இருக்கும், சமமாக முடிந்தால் கறுப்புக் காய்க்காரரே வென்றதாகக் கணக்கு. அதைக் கடந்து ஹம்பி உலகச் சாம்பியனானார். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

நேரம் தீர்ந்து தோற்ற அந்த முதல் ஆட்டத்தைப் பற்றி எங்கள் எட்டாம் வகுப்பு மாணவியிடம் சொன்னேன். உலக அளவில் ஆடுகிறவர்களுக்கும் அது நடக்கும் என்று அவள் நம்புவதற்குச் சற்று நேரம் ஆயிற்று.

அதன்பின் வந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம். 2020 தொடக்கத்தில் அமெரிக்காவில் கெய்ர்ன்ஸ் கோப்பை. 2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் மகளிர் அணிக்கு வெண்கலம். அதே ஆண்டு, ரேபிட்டைவிட வேகமான பிளிட்ஸ் ஆட்டத்தின் உலகப் போட்டியில் வெள்ளி. 2023-இல் உலக ரேபிட்டில் மீண்டும் வெள்ளி. மாமல்லபுரத்தில் மட்டும் கொஞ்சம் நின்று போக வேண்டும். இந்தியாவின் இரண்டாவது பெண் கிராண்ட்மாஸ்டரான ஹரிகா துரோணவல்லி, நிறைமாத வயிற்றோடு அந்த அணியில் ஆடினார். நம் மாநிலத்தில், நம் கண் முன்னால், ஒரு தாயும் தாயாகப் போகிறவரும் ஒரே அணியில் அமர்ந்து நாட்டுக்குப் பதக்கம் வாங்கிக் கொடுத்தார்கள். 'தம்பி' பொம்மையும் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட நேப்பியர் பாலமும் நினைவில் நின்ற அளவுக்கு இது நின்றிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

2024 டிசம்பரில் நியூயார்க்கில் நடந்த உலக ரேபிட் போட்டியின் முதல் சுற்றிலேயே ஹம்பி தோற்றார். வயது முப்பத்தேழு. பதினொரு சுற்றுகளே உள்ள போட்டியில் முதல் ஆட்டத் தோல்வி என்பது ஏறத்தாழக் கதவை மூடிவிடும். அங்கிருந்து ஏறி, கடைசிச் சுற்றில் கறுப்புக் காய்களோடு இந்தோனேசியாவின் ஐரீன் சுகந்தரை வென்று, 8.5 புள்ளிகளோடு தனி முதலிடம் பிடித்தார். சீனாவின் ஜூ வென்ஜுனுக்குப் பிறகு இந்தப் பட்டத்தை ஒரு முறைக்கு மேல் வென்ற பெண் அவர் ஒருவர்தான். அதே மாதம் குகேஷ் உலகச் சாம்பியனான கொண்டாட்டத்தில் நம் ஊடகங்களில் இந்த வெற்றிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இந்த விளக்கம் நிறைவுபெறாது. 2023 உலகக் கோப்பையில் பொதுப் பிரிவில் வென்றவருக்கு 1,10,000 டாலர், மகளிர் பிரிவில் வென்றவருக்கு 50,000 டாலர். பயணமும் பயிற்சியாளரும் இருவருக்கும் ஒரே விலைதான். பொதுத்துறை வேலை போன்ற ஒரு பிடிமானம் இல்லாத பெண், இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்பி வருவது ஏன் அரிதாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹம்பியின் மனவுறுதியைப் பாராட்டுகிறவர்கள், அவருக்குக் காத்திருந்த அந்த வேலையையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜூலையில் மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி மறுபடியும் பட்டுமியில் நடந்தது. அரையிறுதியில் லெய் டிங்ஜியை டை-பிரேக்கில் வென்று ஹம்பி அங்கே வந்து சேர்ந்தபோது, எதிரே உட்கார்ந்தவர் நாக்பூரைச் சேர்ந்த பத்தொன்பது வயது திவ்யா தேஷ்முக். ஹம்பி கிராண்ட்மாஸ்டரான 2002-இல் திவ்யா பிறந்திருக்கவே இல்லை. முதல் இரண்டு ஆட்டங்கள் சமம். வேக ஆட்டங்களில் திவ்யா வென்று, அந்த வெற்றியாலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டமும் பெற்றார். ஹம்பி, ஹரிகா, வைஷாலி ஆகியோருக்கு அடுத்து இந்தியாவின் நான்காவது பெண் கிராண்ட்மாஸ்டர் அவர். ஹம்பிக்கு இரண்டாமிடம், இருவருக்குமே, உலகச் சாம்பியனோடு மோதப் போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் அடுத்த கேண்டிடேட்ஸ் போட்டிக்குத் தகுதி. முப்பத்தெட்டு வயதில் தோற்ற அந்த இறுதிப் போட்டியை நான் ஹம்பியின் வெற்றிகளோடு சேர்த்தே வைக்கிறேன்.

அடுத்த முறை பள்ளிக்கு வந்தபோது அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பட்டங்களையும் புள்ளிகளையும் அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மகளுக்கு இரண்டு வயதிருக்கும்போது மாஸ்கோவில் வென்றார் என்ற இடத்தில் மட்டும் என்னை நிறுத்தினார்.

"அந்தப் புள்ளைய யாரு சார் பாத்துக்கிட்டாங்க?"

"அவங்க அம்மாவும் அப்பாவும்தாம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சேலத்துப் போட்டி எத்தனை நாள் நடக்கும், ராத்திரி தங்க இடம் கொடுப்பார்களா என்று விசாரித்து, தேதியை மகளின் நோட்டில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.